புரோஸ்டேட் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரி மாறினோம்: என் கணவருக்குக் கிடைத்த கவனிப்பு

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். என் கணவரின் புரோஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரி மாறியது சரிதான். புதிய இடத்தின் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் முழு மதிப்பெண் கொடுப்பேன். டிஸ்சார்ஜுக்குப் பிறகான தொலைபேசி உதவிக்குப் பாதிகூடக் கொடுக்க மாட்டேன். இரண்டு ஆஸ்பத்திரிகளின் பெயரையும் எழுதவில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றது தானாகத் தெரிந்துவிடும், பழைய இடத்து டாக்டர் எங்களுக்கு நல்லதே செய்தவர்.

என் கணவருக்கு வயது 64. புரோஸ்டேட் நோயைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவு இரண்டு வருடமாக மெல்ல ஏறிக்கொண்டிருந்து, கடைசியில் 11-ஐத் தாண்டியது. எம்ஆர்ஐ எடுத்தார்கள். புற்றுநோய்க்கான வாய்ப்பைச் சொல்லும் பைராட்ஸ் அளவுகோலில் 5 என்று வந்தது. அந்த அளவுகோலில் அதற்கு மேல் எண் கிடையாது. ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் புற்றுநோய்தான் என்று தெரிந்தது, அதன் கடுமையைச் சொல்லும் க்ளீசன் மதிப்பெண் 4+3. நோய் பரவியிருக்கிறதா என்று உடம்பில் தேடும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. ரோபோட்டிக் முறையில் புரோஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுத்துவிடலாம் என்று பழைய ஆஸ்பத்திரியின் யூராலஜிஸ்ட் சொன்னார், நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

அதன் பிறகுதான் சிக்கல். அங்கே ரோபோ ஒன்றுதான். அதைப் பல துறைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன, யூராலஜிக்கு வாரத்தில் ஒரு நாள். "மூன்று நான்கு மாதம் ஆகலாம், கூப்பிடுவோம்" என்றார் ஆபரேஷன் பட்டியலைப் பார்க்கும் பெண். சில வாரம் கழித்துக் கேட்டபோதும் அதே மூன்று நான்கு மாதம்தான். நடுவில் கழிந்த வாரங்கள் எங்கே போயின என்று கேட்டேன். அவசர கேஸ்கள் உள்ளே வந்துவிட்டன என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவரிடம் இருக்கும் தேதியைத்தானே அவர் தர முடியும். ஆனால் தேதியே இல்லாமல் காத்திருப்பது வீட்டில் ஒருவரையும் தூங்க விடவில்லை. என் கணவர் வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் விளக்கு எரியும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு மாற வேண்டிய அவசியமே இருக்காது. புரோஸ்டேட் புற்றுநோயில் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை. க்ளீசன் 3+3 என்றால் ஆபரேஷனே செய்யாமல், பிஎஸ்ஏவும் ஸ்கேனும் தேவைப்பட்டால் மறு பயாப்ஸியும் வைத்துக் கண்காணிப்பதைத்தான் பல டாக்டர்கள் முதலில் சொல்வார்கள். பிரிட்டனில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு என மூன்று குழுவாகப் பிரித்துப் பின்தொடர்ந்த ப்ரொடெக்ட் ஆய்வின் 15 வருட முடிவு 2023-இல் வெளியானது. எந்தக் குழுவில் இருந்தாலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேர்தான். அந்தத் தகவல் எனக்கு நிஜமாகவே தைரியம் கொடுத்தது. ஆனால் அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆபத்து குறைந்த அல்லது நடுத்தர வகை. 4+3 என்பது நடுத்தரத்தில் மோசமான பக்கம். அதனால் அந்தக் கணக்கை அப்படியே இவருக்குப் போட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாளே ஆபரேஷன் வேண்டும் என்று துடிப்பதிலும் பயனில்லை. பயாப்ஸி ஊசி குத்திய இடத்தில் வீக்கமும் ரத்தக்கசிவும் அடங்க வேண்டும். அதற்காகவே பல சர்ஜன்கள் ஆறு வாரம் போல விட்டுத்தான் செய்கிறார்கள். அந்த ஆறு வாரத்தைத் தாமதம் என்று எண்ணாதீர்கள்.

நான் பழைய டாக்டரிடமே நேராகப் போய்க் கேட்டேன். "டாக்டர், இவர் எவ்வளவு நாள் காத்திருக்கலாம்?" அவர் மழுப்பவில்லை. "மூன்று மாதத்துக்குள் முடித்துவிட்டால் எனக்கு நிம்மதி. ஆனால் ஆபரேஷன் தியேட்டர் என் கையில் இல்லை அம்மா. வேறு இடத்தில் சீக்கிரம் கிடைத்தால் போங்கள், நானே கடிதம் எழுதித் தருகிறேன்" என்றார். சொன்னபடி அன்றைக்கே எழுதியும் கொடுத்தார். ஆஸ்பத்திரி மாறினால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து பல குடும்பங்கள் வாயே திறப்பதில்லை. கேளுங்கள். நோயாளிக்கு அந்த உரிமை உண்டு, நல்ல டாக்டருக்கு அது தெரியும்.

புதிய ஆஸ்பத்திரியை எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம், அங்கே புற்றுநோய் நோயாளிகளுக்கென்றே இருந்த ஒருங்கிணைப்பு நர்ஸ். முதல் போனிலேயே என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, எழுதியும் அனுப்பினார். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன் இரண்டின் படங்களும் டிஸ்க்கில் வேண்டும். பயாப்ஸியின் கண்ணாடி ஸ்லைடுகளும், முடிந்தால் திசுவைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்குகளும் வேண்டும். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர் என்பதால், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று இதய டாக்டரின் கடிதமும் வேண்டும். அந்தக் கடைசி விஷயத்தை வேறு யாரும் எங்களிடம் கேட்டிருக்கவில்லை.

இதில் ஸ்லைடுதான் பெரும்பாடு. பழைய இடத்து ரெக்கார்ட்ஸ் பிரிவில் "ரிப்போர்ட் இருக்கிறதே, ஸ்லைடு எதற்கு?" என்றார்கள். திசுவைப் பரிசோதிக்கும் பேத்தாலஜி பிரிவுக்குப் போனால் நோயாளியே கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்றார்கள். அதைக் கொடுத்தால், ஸ்லைடை எடுத்துவைக்கிறவர் விடுப்பில் இருந்தார். மாறலாமா என்று யோசிக்கத் தொடங்கும் அன்றைக்கே ஸ்லைடுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாறாமல் போனால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அந்த ஸ்லைடுகளைப் புதிய இடத்தின் பேத்தாலஜிஸ்ட் முதலிலிருந்து மறுபடி பார்த்தார். 4+3 என்பதில் மாற்றமில்லை. ஆனால் கிரிப்ரிஃபார்ம் என்ற அமைப்பு இருப்பதாகச் சேர்த்து எழுதினார். சல்லடைக் கண்போலத் தெரியும் இந்த அமைப்பு இருந்தால் நோய் கொஞ்சம் கடுமையாக நடந்துகொள்ளக்கூடும் என்று சர்ஜன் விளக்கினார். எம்ஆர்ஐயையும் அவர்களுடைய ஆளே மறுபடி படித்து, இடது பக்கம் கட்டி சுரப்பியின் உறையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றார். இந்த இரண்டையும் வைத்துத்தான் ஆபரேஷனின் திட்டமே மாறியது. இடுப்புப் பகுதி நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பது, விறைப்புக்கான நரம்பை வலது பக்கம் மட்டும் காப்பாற்றுவது. ஒரு வெள்ளைக் காகிதத்தில் படம் வரைந்து, எங்கே வெட்டுவேன், எங்கே விடுவேன் என்று காட்டினார். அந்தக் காகிதத்தை என் கணவர் இன்னும் ஃபைலில் வைத்திருக்கிறார். சீக்கிரம் வேண்டும் என்று வந்தவர்களுக்கு, அவசரப்படாமல் எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தார்கள். எனக்கு அங்கே நம்பிக்கை வந்ததே அதனால்தான்.

இன்னொன்றும் செய்தார் அந்த சர்ஜன். தேதி குறிப்பதற்கு முன்னால் எங்களைக் கதிர்வீச்சு டாக்டரிடம் அனுப்பினார். "கதிர்வீச்சும் ஹார்மோன் ஊசியும் சேர்ந்த சிகிச்சையும் உங்களுக்குப் பொருந்தும். அவரிடம் பேசிவிட்டு என்னிடம் வாங்க" என்றார். தன் கத்தியைத் தவிர வேறு வழியும் இருக்கிறது என்று சொல்லும் சர்ஜனைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. கேட்டு, யோசித்து, என் கணவர் ஆபரேஷனையே தேர்ந்தெடுத்தார்.

நான் கேட்ட கேள்விகளுக்கும் நேராகப் பதில் வந்தது. வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? ஒரு வருடம் கழித்து உங்கள் நோயாளிகளில் எத்தனை பேர் சிறுநீர்க் கசிவுக்கான பேட் இல்லாமல் இருக்கிறார்கள்? ரோபோவை இயக்கும் கன்சோலில் நீங்களே உட்காருவீர்களா, பயிற்சி டாக்டரா? சில படிகளைப் பயிற்சி டாக்டர் தன் மேற்பார்வையில் செய்வார் என்றும், நரம்பு பக்கமும் மூத்திரக்குழாயைத் தைப்பதும் தானே செய்வதாகவும் சொன்னார். அதிகம் செய்தவர் கையில் முடிவுகள் நன்றாக இருக்கும் என்பது இந்த ஆபரேஷனில் தெரிந்த விஷயம், கேட்கத் தயங்காதீர்கள். ரோபோ தானாக வெட்டிவிடும் என்று எங்கள் உறவினர்கள் பயமுறுத்தினார்கள். அது தானாக எதையும் செய்யாது. சர்ஜனின் கை அசைவைத்தான் கருவி உள்ளே செய்கிறது.

தேதியை எழுத்தில் தந்தார்கள். மயக்க மருந்து டாக்டரின் பரிசோதனை, ரத்தம், இசிஜி எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. பிசியோதெரபிஸ்ட் ஆபரேஷனுக்கு முன்பே சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கி விடும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். பிறகு கற்றுக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல், அப்போதுதான் எந்தத் தசை என்று புரிகிறது.

ஆபரேஷன் நான்கு மணி நேரம் போல. வெளியே கொண்டுவந்தபோது அவர் முகமும் கண்ணிமைகளும் வீங்கிக் கிடந்ததைப் பார்த்து எனக்குக் கால் நடுங்கிவிட்டது. தலையைத் தாழ்த்திச் சாய்த்துப் படுக்கவைத்துச் செய்வதால் அப்படி ஆகும், தானாக வடியும் என்றார்கள். வடிந்தது. வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் வாயுவால் தோள்பட்டை வலிக்கும் என்பதையும் அப்புறம்தான் சொன்னார்கள். குடும்பத்தாரிடம் இதை முன்கூட்டியே ஒரு வரி சொல்லக் கூடாதா? மறுநாள் நடக்கவைத்தார்கள். இரவு நர்ஸ்கள் கூப்பிட்ட குரலுக்கு வந்தார்கள்.

டிஸ்சார்ஜ் நாள்தான் மோசம். காலையில் போகலாம் என்றார்கள், மருந்தும் காப்பீட்டு ஒப்புதலும் வந்து சேர மாலையாகிவிட்டது. சிறுநீரை வெளியேற்ற வைத்திருந்த குழாயான கதீட்டரோடு அவர் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். பகலில் காலில் கட்டும் பை, இரவில் கட்டிலில் தொங்கும் பெரிய பை, இரண்டையும் மாற்றுவதை ஒரு நர்ஸ் வேகமாகக் காட்டிவிட்டுப் போனார். நான் விடாமல் திரும்பக் கூப்பிட்டு, என் கையால் ஒருமுறை செய்து காட்டிய பிறகுதான் கிளம்பினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வார இறுதியில் கதீட்டர் அடைத்துக்கொண்டது. ரத்தக்கட்டி வந்து, பையில் ஒரு சொட்டும் இறங்கவில்லை, இவருக்கு அடிவயிற்றில் தாங்க முடியாத வலி. கொடுத்திருந்த எண்ணை அழைத்தால் ஆஸ்பத்திரியின் பொது வரவேற்புக்குப் போகிறது. அங்கிருந்து வார்டு, வார்டிலிருந்து திரும்ப வரவேற்பு. கடைசியில் பக்கத்தில் இருந்த அவசரப் பிரிவுக்கு ஓடினோம், அங்கே நீர் செலுத்திக் கழுவி அடைப்பை எடுத்தார்கள். தூரத்து ஆஸ்பத்திரிக்கு மாறுவதில் உள்ள பெரிய குறை இதுதான். மாறுகிறவர்கள், கதீட்டர் அடைத்தால் வீட்டுக்குப் பக்கத்தில் எங்கே போவது என்பதை முன்பே தீர்மானித்து, டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு நகல் எடுத்துக் கையில் வைத்திருங்கள்.

கதீட்டரை எடுத்த பிறகு கசிவு இருந்தது. எழுந்தால், இருமினால், தும்மினால் பேட் நனையும். இப்போது நாளுக்கு ஒரு சின்ன பேட், அதுவும் மாலையில் களைத்த பிறகுதான். தாம்பத்தியம் பற்றி அந்த ஒருங்கிணைப்பு நர்ஸ் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, மாத்திரை, வேக்குவம் பம்ப், ஒன்றிரண்டு வருடம்கூட ஆகலாம் என்பது வரை வெட்கப்படாமல் பேசினார். ஒரு பக்க நரம்பு போன பிறகு எவ்வளவு திரும்பும் என்று உறுதி எதுவும் தரவில்லை. அந்த நேர்மைக்காக அவருக்கு நன்றி.

எடுத்த சுரப்பியைப் பரிசோதித்த ரிப்போர்ட்டில் பிடி3ஏ என்ற நிலை வந்தது. அதாவது, இடது பக்கம் நோய் உறையைத் தாண்டி லேசாக வெளியே வந்திருந்தது. வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை, நிணநீர் முடிச்சுகள் சுத்தம். பழைய வரிசையிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சர்ஜனிடம் கேட்டேன். "அதை யாராலும் சொல்ல முடியாது அம்மா" என்றார். எங்களுக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்துப் பார்த்த பிஎஸ்ஏ 0.1-க்குக் கீழே. இனி ஒவ்வொரு முறையும் ஒரே லேபில்தான் எடுக்க வேண்டும், அது 0.2-ஐத் தொட்டால் உடனே வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். லேப் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது, ரிசல்ட்டை நர்ஸுக்கு அனுப்பினால் டாக்டர் பார்த்துப் பதில் சொல்கிறார். வார இறுதி எண்ணைப் பற்றி ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யூராலஜி வார்டுக்கு நேரடி எண் ஒன்று வைப்பதாகப் பதில் வந்தது. வைத்துவிட்டார்களா என்று அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது கேட்பேன்.