ஸ்கார்லெட் சோலோ, எஸ்எம்58, ரீப்பர்: ஓராண்டு பாடிப் பார்த்த பிறகு

என் பாட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்யத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. இப்போது மேசையில் இருப்பவை ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஷூர் எஸ்எம்58 மைக், ஆடியோ-டெக்னிகா எம்40எக்ஸ் ஹெட்போன், கணினியில் ரீப்பர் என்ற பாட்டுப் பதிவு மென்பொருள். நான்கையும் மனதாரப் பரிந்துரைப்பேன்.

ஆனால் முதலில் வாங்கியது இவற்றில் எதுவும் இல்லை, ஒரு கண்டென்சர் மைக். ஸ்டூடியோவில் பாடகர்கள் அப்படி ஒன்றின் முன் நின்று பாடுவதைப் பார்த்து ஆசைப்பட்டேன். என் அறையிலோ நாலு பக்கமும் வெற்றுச் சுவர். குரலோடு சேர்ந்து சுவரில் பட்டுத் திரும்பிய ஒலி, அடுத்த அறையில் கதவு சாத்தும் சத்தம், எல்லாமே பதிவாயின. மைக்கைக் குறை சொல்ல மாட்டேன். நுணுக்கமாகக் கேட்பதுதான் அதன் வேலை. பிறகு மென்பொருளில் சரிசெய்யலாம் என்று இரண்டு வாரம் போராடினேன். குரலில் ஒட்டிய எதிரொலி லேசில் போகாது.

எஸ்எம்58 டைனமிக் மைக். 1966 முதல் மேடைகளில் இருப்பது. முன்னால் வருவதை வாங்கிக்கொண்டு பின்னால் இருப்பதைப் பெரிதும் விட்டுவிடும். நான்கு விரல் தள்ளி நின்று பாடுகிறேன். முதுகுக்குப் பின்னால் துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைப்பேன். மைக்கின் முகம் அந்தப் பக்கம்தானே பார்க்கிறது! அறை பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. கண்டென்சர் தரும் மேல்ஸ்தாயிப் பளபளப்பு இதில் இல்லை, அது உண்மை. சிக்னலும் மெலிது, இன்டர்ஃபேஸில் கெயினை, அதாவது மைக் சிக்னலைப் பெரிதாக்கும் அளவை, நன்றாகவே ஏற்ற வேண்டும். 48 வோல்ட் பொத்தான் இதற்குத் தேவையில்லை, அது கண்டென்சருக்கு மின்சாரம் தருவதற்கு.

இன்டர்ஃபேஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பாடும்போது உங்கள் குரல் தாமதமாகக் காதில் விழுந்தால் தாளம் நிற்காது. கணினி ஒலியைச் சிறு துண்டுகளாகச் சேர்த்துக் கையாளும், அந்தத் துண்டின் அளவுதான் பஃபர். 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் வைத்தால் அதனால் மட்டுமே 23 மில்லிசெகண்ட் தாமதம். 128 வைத்தால் 3-க்குப் பக்கம். சோலோவில் டைரக்ட் மானிட்டர் இருப்பதால் குரல் கணினிக்குள் போகாமலே நேராகக் காதுக்கு வந்துவிடுகிறது. எனக்கு இதுதான் பெரிய விடுதலை. மைக் இணைப்பு ஒன்றுதான், அதனால் இரண்டு பேர் சேர்ந்து பாடுவதாக இருந்தால் 2ஐ2 மாடலைப் பாருங்கள். கெயினை உச்சம் வரை தள்ளாதீர்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் உரத்த இடம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டாலே போதும் (0-தான் உச்சம்).

ஹெட்போன் மூடிய வகை. தாளம் காட்டும் மெட்ரோனோம் சத்தம் கசிந்து மைக்கில் ஏறுவதில்லை. ஸ்பீக்கர் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். இந்த மாதிரி அறையில் பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி ஒலி, எவ்வளவு இருக்கிறது என்று நம்பிக் கேட்க முடியாது.

ரீப்பரை 60 நாள் எந்த வசதியும் குறையாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். ஈக்யூ (ஸ்தாயிகளைக் கூட்டிக் குறைக்க), கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய), ரிவெர்ப் (எதிரொலி சேர்க்க) எல்லாம் கூடவே வருகின்றன. வாத்தியங்கள்தான் இல்லை என்றே சொல்லலாம். நான் வைட்டல் என்ற சின்தின் (மின்னணு ஒலிகளை உருவாக்கும் மென்பொருள் வாத்தியம்) இலவசப் பதிப்பைச் சேர்த்துக்கொண்டேன். மெனுக்கள் முதல் வாரம் மலைப்பாக இருந்தன. ட்ராக் சேர்ப்பது, பதிவு, வெட்டி ஒட்டுவது, இந்த மூன்றை மட்டும் பழகினேன். மீதி தானாக வந்தது. மேக் வைத்திருப்பவர்கள் காராஜ்பேண்டிலேயே தொடங்கலாம், அது இலவசம்.

அடுத்து, கணினியோடு இணைத்து ஸ்வரங்களை வாசிக்க, 25 கட்டை மிடி கீபோர்டு ஒன்று வாங்க வேண்டும். இப்போது ஸ்வரங்களை மவுஸால் ஒவ்வொன்றாக வரைகிறேன். நாலு வரி மெட்டுக்கு ஒரு மாலை போய்விடுகிறது.