தாஹிக்கு எந்த மண்: ஹுஸ்தாயா, கோபியா?

1992 ஜூன் மாதம் காட்டுக்குதிரைகள் விமானம் ஏறி மங்கோலியாவுக்குத் திரும்பின. ஐரோப்பாவில் அடைபட்டு வளர்ந்த அவற்றை இரண்டு தனித்தனிக் குழுக்கள் இரண்டு இடங்களில் கொண்டுவந்து இறக்கின. ஒன்று, தலைநகர் உலான்பாட்டருக்கு மேற்கே சுமார் 100 கி.மீ. தள்ளியிருக்கும் ஹுஸ்தாய் மலைப்புல்வெளி. இன்னொன்று, நாட்டின் தென்மேற்கு மூலையில் சீன எல்லையை ஒட்டிய பெரிய கோபி 'பி' காப்பகத்தின் ஓரம், தாஹின் தால். முப்பது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. இரண்டில் எது குதிரைக்கு ஏற்ற மண் என்று இப்போது ஓரளவு தைரியமாகப் பேசலாம்.

உலகம் இதை பிரெஸ்வால்ஸ்கி குதிரை என்கிறது, மங்கோலியர்கள் தாஹி என்கிறார்கள். வீட்டுக்குதிரையிடமிருந்து இதைப் பிரித்துச் சொல்வது கஷ்டமில்லை. பிடரிமயிர் கழுத்தில் சரியாமல் துடைப்பக்கட்டை மாதிரி நிமிர்ந்து நிற்கும். நெற்றியில் விழும் முடி கிடையாது. வாலின் மேல்பகுதியில் குட்டை முடிதான், நீளமான முடி கீழேதான் தொடங்கும். வெளுத்த மூக்கு, முதுகெலும்பு நெடுக ஒரு கருங்கோடு. உள்ளே பார்த்தால் தாஹிக்கு 66 குரோமோசோம்கள், வீட்டுக்குதிரைக்கு 64. ஆனால் இரண்டும் சேர்ந்தால் பிறக்கும் கலப்புக் குட்டி கோவேறு கழுதை போல மலடாக இருப்பதில்லை. சங்கடமே அங்கேதான்.

ஏனென்றால் மங்கோலிய வீட்டுக்குதிரையும் பாதிக் காட்டுக்குதிரைதான். லாயம் கிடையாது. மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் வெட்டவெளியில் நின்று, குளம்பால் பனியைக் கிளறி அடியில் இருக்கும் புல்லைத் தின்னும். பெண்குதிரைகளைக் கட்டி மேய்ப்பது 'அஸர்கா' எனப்படும் பொலிகுதிரையின் பொறுப்பு. மேய்ப்பருக்குச் சவாரிக்கு ஒன்று வேண்டுமென்றால், நீளமான கழியின் நுனியில் சுருக்குக் கட்டிய 'ஊர்கா'வோடு துரத்திப் பிடிப்பார். சுமார் 35 லட்சம் பேர் வாழும் நாட்டில் இந்தக் குதிரைகள் 40 லட்சத்துக்கும் மேல். தாஹியோ கூண்டில் இருப்பவற்றையும் சேர்த்து உலகம் முழுக்கச் சில ஆயிரம்தான். அத்தனையும் பன்னிரண்டு காட்டுக்குதிரைகளின் வழிவந்தவை, இடையில் கொஞ்சம் வீட்டுக்குதிரை ரத்தமும் கலந்திருக்கிறது. ஓநாயைவிட, பக்கத்து மேய்ப்பரின் மந்தைதான் தாஹிக்குப் பெரிய போட்டி. புல்லுக்கும் தண்ணீருக்கும் போட்டி, துணைக்கும் போட்டி.

சரி, ஹுஸ்தாய்க்கு வருவோம். 1992 முதல் 2000 வரை இங்கே 84 குதிரைகள் வந்திறங்கின. இன்று முந்நூறைத் தாண்டி வெகுகாலம் ஆகிறது. கோபியைவிட மழை அதிகம், புல்லும் அதிகம், ஊற்றுகளும் உண்டு. பகலில் ஈக்கடிக்குப் பயந்து மலைமுகட்டில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கும் குடும்பங்கள், சாயங்காலம் தண்ணீருக்கு இறங்கி வரும். ஓநாய்கள் குட்டிகளைத் தூக்கத்தான் செய்கின்றன. அப்படியும் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. தலைநகர் பக்கத்திலேயே இருப்பதால் சுற்றுலாப் பணமும் வருகிறது.

கோபியின் கதை வேறு. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிமையானது: காட்டில் கடைசியாகத் தாஹியைப் பார்த்தது அந்தப் பக்கம்தான், 1960-களின் இறுதியில். கடைசியாக வாழ்ந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். முதல் அடி உண்ணியிடமிருந்து விழுந்தது. உண்ணி பரப்பும் பைரோபிளாஸ்மோசிஸ் என்ற ரத்த நோய் உள்ளூர்க் குதிரைகளுக்குக் குட்டியிலேயே வந்து எதிர்ப்புசக்தியைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஐரோப்பாவில் வளர்ந்த தாஹிகள் அந்த உண்ணியைக் கண்டதே இல்லை, பல செத்துப்போயின. அப்புறம் 2009-10 குளிர்காலத்தில் 'ஜுட்' வந்தது. கால்நடைகளைக் கொத்துக்கொத்தாகச் சாகடிக்கும் கொடும்பனிக்கு மங்கோலியர்கள் வைத்திருக்கும் பெயர் அது. கோபி 'பி'யில் இருந்த தாஹிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரே குளிரில் அழிந்தன. அந்தப் பகுதி மேய்ப்பர்களின் கால்நடைகளும் அதே கணக்கில்தான் செத்தன.

ஆனால் அதே காப்பகத்தில் இருக்கும் காட்டுக்கழுதைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. நம் கட்ச் பாலைவனத்தில் திரிகிறதே, அதே இனம்தான் இதுவும். கழுத்துப்பட்டைக் கருவி பொருத்தி அளந்ததில், அங்கே ஒரு காட்டுக்கழுதை உலாவும் பரப்பு 4,000 சதுர கி.மீ.க்கு மேல் வருகிறது. ஒரு தாஹிக் குடும்பம் சுற்றுவதோ 150 முதல் 800 சொச்சம் சதுர கி.மீ. வரைதான். பனி கிழக்கே கொட்டியபோது கழுதைகள் பலவும் மேற்கே பரவியிருந்தன, தாஹிகளோ கிழக்கிலேயே இருந்து மாட்டிக்கொண்டன. ஹுஸ்தாயில் ஒரு குடும்பத்துக்கு 24 சதுர கி.மீ.க்குள்ளேயே பிழைப்பு நடந்துவிடுகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கால் நடக்கும் தூரத்தைப் புல்தான் தீர்மானிக்கிறது.

2017-ல் வந்த ஓர் ஆய்வு இதற்கு வலு சேர்க்கிறது. அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய தாஹித் தோல்களின் வால்முடியை எடுத்து, அதில் பதிந்திருக்கும் உணவுத் தடயத்தைப் பார்த்தார்கள். நூறு வருடங்களுக்கு முன் கோபியில் இருந்த தாஹிகள் குளிர்காலத்தில் புதர்களையும் மேய்ந்திருக்கின்றன. இன்று அதே கோபியில் இருப்பவை வருடம் முழுக்கப் புல்லைத்தான் தேடுகின்றன. அந்தக் காலத்தில் நல்ல புல்வெளியை மேய்ப்பர்களின் மந்தைகள் பிடித்துக்கொள்ள, வேட்டைக்காரர்களும் விரட்ட, குதிரை ஒதுங்கிக் கிடைத்ததைத் தின்றது என்றுதான் இதைப் படிக்க முடிகிறது. கோபி அதன் சொந்த வீடு அல்ல, ஓடி ஒளிந்த இடம். அகதி முகாமைப் பூர்வீகம் என்று நம்பி அங்கேயே குடிவைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இடையில் 2018-ல் ஒரு பரபரப்பு. வட கசகஸ்தானின் போதாய் மக்கள் சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் வளர்த்த குதிரைகளின் வாரிசுதான் தாஹி, எனவே அது காட்டுக்குதிரையே அல்ல என்றது மரபணு ஆய்வு. போதாய்க் குதிரைகள் வளர்ப்பவையா, வேட்டையாடப்பட்டவையா என்பதிலேயே இன்னும் சண்டை ஓயவில்லை. எப்படி இருந்தாலும் இன்றைய வீட்டுக்குதிரையிடமிருந்து இந்த வம்சம் பிரிந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. காப்பாற்ற அதுவே போதும்.

ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் என் ஓட்டு ஹுஸ்தாய்க்கு. ஆனால் அதன் பரப்பு வெறும் 500 சதுர கி.மீ. சுற்றிலும் மேய்ப்பர்களின் மந்தைகள். எண்ணிக்கை ஏற ஏற இளம் பொலிகுதிரைகள் எல்லை தாண்டிப் போய் வீட்டுப் பெண்குதிரைகளோடு சேரும் ஆபத்தும் ஏறுகிறது. கோபி 'பி'யோ 2019-ல் 18,000 சதுர கி.மீ.யாக விரிந்திருக்கிறது. பிராகா உயிரியல் பூங்கா 2012 முதல் விமானத்தில் அனுப்பிய குதிரைகளும் சேர்ந்து, அங்கேயும் தாஹிகள் முந்நூறுக்கு மேல் தேறிவிட்டன. அதை மூட வேண்டியதில்லை. புதிதாக இன்னோர் இடம் தேடுபவர்கள்தான் ஹுஸ்தாயின் புல்லும் கோபியின் அகலமும் சேர்ந்த நிலத்தைப் பார்க்க வேண்டும். 2024-ல் ஏழு தாஹிகளை இறக்கிய கசகஸ்தானின் துர்காய் புல்வெளி அந்தக் கணக்குக்கு இதுவரை மிக அருகில் வருகிறது.