காசு வாங்கும் பட்டியலா, தொண்டர் பார்க்கும் பட்டியலா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துக் கடைகள், தங்குமிடங்கள், டியூஷன் வகுப்புகளை ஒரே இணையப் பட்டியலில் சேர்க்கும் வேலையில் நண்பர்களோடு இருக்கிறேன். மனிதர் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும் என்பதில் தகராறு இல்லை. பதிவுக்குக் காசு வாங்கி ஆள் வைப்பதா, தொண்டர்களிடம் விடுவதா என்பதில்தான் வாக்குவாதம். கடைசியில் தொண்டர்களிடமே விட்டோம்.

இரண்டுக்கும் முன்னோடிகள் உண்டு. 1994இல் தொடங்கிய யாகூவின் இணையத்தளப் பட்டியல், பிற்காலத்தில் வணிகத் தளங்களிடம் ஆண்டுக்கு 299 டொலர் வாங்கியது. 1998இல் வந்த டிமோஸ் (DMOZ) என்ற இணையத்தளப் பட்டியலில் பதிவு இலவசம், பகுதிக்குப் பகுதி தொண்டர்கள் பார்த்தார்கள். முன்னது 2014 கடைசியிலும் பின்னது 2017 மார்ச்சிலும் மூடப்பட்டதால், எது நிலைத்தது என்று பார்த்துத் தீர்மானிக்க வழியில்லை.

காசு வாங்கினால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும், சரி. ஆனால் வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்கா காசு கட்டிப் பெயர் போடமாட்டார், பெரிய ஹோட்டல் போட்டுவிடும். நான் அப்படி ஒன்றை நடத்தியவன் அல்ல, அதனால் இதோடு விடுகிறேன்.

என்னை ஒரு பக்கம் சாய்த்தது பராமரிப்பு. சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். மலையேறும் சீசன் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிகிறது. சீசனுக்கு மட்டும் திறக்கும் அறைகளுக்கு ஜூலையில் கோல் எடுத்தால் யாரும் தூக்கமாட்டார்கள். கொழும்பில் சம்பளத்துக்கு இருப்பவர் மூடிவிட்டதாக நினைத்து நீக்கிவிடுவார். மஸ்கெலியாக்காரர் 'சீசனில் மட்டும்' என்று ஒரு வரி சேர்ப்பார். முச்சக்கர வண்டிக்காரர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டதும், பழைய இலக்கம் இப்போது தம்பியிடம் இருப்பதும் ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

ஊரைத் தெரிந்தவருக்கு ஊரில் சொந்தக்காரரும் இருப்பார்கள், சிக்கல் அங்கேதான். டிமோஸில் தொண்டர்கள் தமக்குத் தொடர்புள்ள தளங்களைச் சொல்லிவிட வேண்டும் என்ற விதி இருந்தது. அப்படியும் போட்டிக்காரரின் பதிவைக் கிடப்பில் போடுகிறார்கள் என்ற முறைப்பாடு ஓயவில்லை. இங்கே தங்குமிடப் பகுதியைப் பார்ப்பவரின் மாமாவே அறை வாடகைக்கு விடுவார்! அதனால் சொந்தத் தொழிலோ சொந்தக்காரர் தொழிலோ உள்ள பகுதியை யாருக்கும் கொடுப்பதில்லை. ஒரு பதிவை மறுப்பதென்றால் வேறு ஊர்த் தொண்டர் ஒருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும், பதிவை அனுப்பியவருக்கே காரணத்தையும் எழுத வேண்டும். 'மலையகத்தின் நம்பர் வன் விடுதி' என்று வருவது 'மூன்று அறை, சுடுநீர் உண்டு, பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகலாம்' என்றுதான் ஏறும். கீழே கடைசியாகச் சரிபார்த்த தேதி.

தொண்டர்கள் சோர்ந்துபோவார்கள் என்பதும் உண்மைதான். டிமோஸில் நான்கு மாதம் எதையும் தொடாத தொண்டரின் கணக்கு மூடிக்கொள்ளும், அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் ஆசிரியர்கள், சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் காணாமல் போவார்கள். பட்டியல் பதுளை, பண்டாரவளை என்று விரிந்தால் இந்த ஏற்பாடு தாங்குமா என்று இப்போதே சொல்ல முடியாது. ஹட்டன் அளவுக்குத் தாங்குகிறது.