குரூஸ் கப்பலில் பிள்ளைகளுக்கு எவ்வளவு கயிறு விடலாம்?

நாங்கள் முதல் தடவை குரூஸ் போனபோது மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. கப்பலில் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, “நான் மட்டும் மேல போய் ஐஸ்கிரீம் எடுத்துட்டு வரட்டுமாம்மா?” என்று மகள் ஆரம்பித்துவிட்டாள். நான் தலையாட்டுவதற்குள் அவள் அப்பா முடியாது என்றார், அந்தப் பஞ்சாயத்து கப்பல் கரை திரும்பும்வரை ஓயவில்லை. அதற்கப்புறம் இன்னும் இரண்டு தடவை போய்வந்தாயிற்று. கூடவே வைத்துக்கொள்வது, கப்பலிலேயே பிள்ளைகளை விளையாடவிட்டுப் பார்த்துக்கொள்ளும் கிட்ஸ் கிளப்பில் விடுவது, தானாகப் போய்வர விடுவது என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டோம்.

கூடவே வைத்துக்கொள்வதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் வழி, பேரமே கிடையாது. ஆனால் துறைமுகம் எதுவும் வராமல் நாள் முழுக்கக் கடலிலேயே ஓடும்போது ஒருத்திக்குத் தண்ணீர்ச் சறுக்கு வேண்டும், ஒருவனுக்குத் தூக்கம் வேண்டும், பெரியவர்களுக்கு ஒரு காபியை ஆறுவதற்குள் குடித்தால் போதும். இதையெல்லாம் நான்கு பேரும் சேர்ந்தே செய்வோம் என்று பிடிவாதம் பிடித்தால் மூன்றாம் நாள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். நீச்சல்குளம் விஷயத்தில் மட்டும் நான் இன்றும் பழைய கட்சிதான். குளம் சின்னது, சுற்றிலும் நூறு பேர் இருக்கிறார்கள், என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ராயல் கரீபியன் மாதிரிப் பெரிய நிறுவனமே 2017-ல்தான் தன் கப்பல்கள் எல்லாவற்றிலும் உயிர்காப்பாளர்களை நிறுத்தத் தொடங்கியது, உயிர்காப்பாளர் கிடையாது என்று பலகை மட்டும் தொங்கும் குளங்கள் இன்னும் உண்டு. தண்ணீர் என்றால் எங்களில் ஒருவர் பக்கத்தில் இருப்போம், பிள்ளைக்கு எத்தனை வயதானாலும் சரி.

கிட்ஸ் கிளப் உண்மையிலேயே நல்ல ஏற்பாடு, அதைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதவரை. பெரும்பாலான கப்பல்களில் 3 வயதிலிருந்து சேர்க்கிறார்கள், டயப்பர் கட்டும் பிள்ளை என்றால் பல இடங்களில் யோசிப்பார்கள். வயதுவாரியாகப் பிரிப்பார்கள். கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில் 2 முதல் 5, 6 முதல் 8, 9 முதல் 11 என்று மூன்று கூட்டம், அதற்கு மேல் 12 முதல் 14-க்கும் 15 முதல் 17-க்கும் தனித்தனிக் கிளப். அண்ணன் தம்பி ஒன்றாக இருப்பார்கள் என்று கற்பனை செய்துகொண்டு போனால் வாசலிலேயே பிரித்துவிடுவார்கள். என் மகன் முதல் நாள் அக்கா இல்லை என்று தெரிந்ததும் என் துப்பட்டாவை விடவே இல்லை. இரண்டாம் நாள் ஒரு களிமண் டைனோசர் கிடைத்ததும் நான் யார் என்றே மறந்துவிட்டான்.

பல பெற்றோர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. சின்னவர்கள் கிளப்பில் பெற்றோர் கையெழுத்துப் போட்டு விடவேண்டும், கையெழுத்துப் போட்டுக் கூட்டிவரவேண்டும். பதின்ம வயதுக் கிளப்புகளில் வழக்கமாக அந்தக் கட்டுப்பாடு கிடையாது, கதவு திறந்தே கிடக்கும், வரலாம், போகலாம். 13 வயது மகனைக் கிளப்பில் விட்டிருக்கிறேன் என்று ஓர் அம்மா நிம்மதியாகச் சொன்னால், அவன் அந்த நேரம் கப்பலின் எந்த மூலையில் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று பொருள்.

கிளப்பில் சேர்க்கும்போதே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: அபாய மணி அடித்தால் பிள்ளையை அவர்கள் நம் கூடுமிடத்துக்கு (ஆபத்து நேரத்தில் நாம் போய்க் கூடவேண்டிய இடம், அதற்கு ஓர் எழுத்து இருக்கும்) கொண்டுவருவார்களா, நாம் போய்க் கூட்டி வரவேண்டுமா? இது எல்லாக் கப்பலிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா என்ற குரூஸ் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகளுக்கு அவசரப் பயிற்சியே இன்னும் நடந்திருக்கவில்லை. கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாகவேண்டும் என்று சர்வதேச விதி மாறியது அதற்கப்புறம்தான். அந்தப் பயிற்சியில் பிள்ளையையும் நடக்கவைத்து, நம் கூடுமிடத்தின் எழுத்தை அதன் வாயாலேயே சொல்லவையுங்கள்.

இனி சண்டை முழுக்க இருக்கும் இடம்: தானாகப் போய்வர விடுவது. கார்னிவலில் 9 முதல் 11 வயதுக் கூட்டத்துக்கு, பெற்றோர் சம்மதித்தால் பிள்ளை தானே கையெழுத்துப் போட்டுக் கிளம்பலாம். இந்த அனுமதியை வாங்கிக்கொடுங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் வாங்கியதைக் கப்பல் முழுக்கச் சுற்றுவதற்கான உரிமமாகக் கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் மகளுக்குக் கொடுத்தது மூன்றே இடம்: கிளப், அறை, ஐஸ்கிரீம் மெஷின். அதிலும் முதல் நாளே சொதப்பல். எங்கள் அறை எண் 8216. கப்பலில் பெரும்பாலும் முதல் எண் தளத்தைக் குறிக்கும், அதை அவளுக்குச் சொல்லவேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. லிஃப்டில் கூட்டத்தோடு கூட்டமாக ஏழாம் தளத்தில் இறங்கி, அதே கம்பளம், அதே விளக்கு, அதே நீள வராந்தாவில் நடந்து 7216-க்கு முன்னால் நின்று, அறைச் சாவி அட்டையைச் செருகிச் செருகி எடுத்திருக்கிறாள். சிவப்பு விளக்குத்தான் எரிந்திருக்கிறது. நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டோம் என்று நினைத்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். துண்டு அடுக்கிக்கொண்டு வந்த அறைப் பணியாளர் பார்த்து மேலே கூட்டிவந்தபோது ஐஸ்கிரீம் முழங்கைவரை வழிந்திருந்தது.

அவள் அப்பா இதைத் தன் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது: வழி சொல்லிக்கொடுக்காமல் விட்டது எங்கள் தப்பு. மறுநாள் அவளை முன்னால் நடக்கவிட்டு நாங்கள் பின்னால் போனோம், மூன்று இடத்துக்கும் இரண்டு தடவை. அதற்கப்புறம் தொலையவில்லை. அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டாலும் அறை எண்ணை அதில் எழுதிவைக்காதீர்கள், தொலைந்தால் எடுத்தவர் கையில் நம் கதவின் சாவி. அதே அட்டைதான் பணப்பையும் என்பது கடைசி நாள் பில்லில் வீடியோ கேம் கணக்கைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. பிள்ளையின் அட்டையில் செலவை நிறுத்திவைக்க வரவேற்பு மேசையில் சொன்னால் போதும்.

பெரிய பிள்ளைகளுக்கு முழுச் சுதந்திரம் கொடுப்பவர்கள் சொல்வது, கப்பல் மூடிய ஊர், எங்கே போய்விடுவார்கள் என்பது. ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் 20 தளம், முழுக்க நிரம்பினால் சுமார் 7,600 பயணிகள். அத்தனை அந்நியர்கள் இருக்கும் ஊரில் வெளியே போகமுடியாது என்பதை மட்டும் வைத்துப் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டுக் கப்பல் பாதுகாப்புச் சட்டம் கைப்பிடிச் சுவர் 42 அங்குலமாவது இருக்கவேண்டும், அறைக் கதவில் வெளியே பார்க்கும் துளை வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது, தேவை இருந்ததால்தானே சொன்னார்கள்? சில கப்பல்களில் 18-க்குக் கீழ் உள்ளவர்கள் இரவு 1 மணிக்கு மேல் தனியாகப் பொது இடங்களில் இருக்கக்கூடாது. அது கப்பலின் கணக்கு, எங்கள் வீட்டுக் கணக்கு 10 மணி. அடுத்தவர் அறைக்குள் போகக்கூடாது, யாரையும் நம் அறைக்கு அழைக்கக்கூடாது, கைப்பிடிமேல் ஏறக்கூடாது. இந்த மூன்றில் ஒன்று மீறினாலும் மறுபடி எங்கள் கூடத்தான்.

தொடர்புக்கு எது நல்லது என்பதில் என் தீர்ப்பு கொஞ்சம் பழசாகத் தெரியலாம். வாக்கி டாக்கி தண்டம்: இரும்புச் சுவர்களைத் தாண்டி நாலு தளம் கேட்பதே அதிர்ஷ்டம், நாம் பேசுவது பக்கத்து மேசைக்கெல்லாம் கேட்கும். கப்பல் ஆப்பில் சாட் வசதி பரவாயில்லை, டிஸ்னி கப்பல்களில் அது இலவசம், வேறு சில இடங்களில் காசு. போனை ஃப்ளைட் மோடில் வைத்து வைஃபை மட்டும் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நடுக்கடலில் கப்பலின் செல் நெட்வொர்க் பிடித்து ரோமிங் கட்டணம் ஏறும். ஆனால் நீச்சலுடையில் திரியும் பிள்ளை போனைக் கையில் வைத்திருப்பதில்லை, வைத்திருந்தாலும் பார்ப்பதில்லை. எங்களுக்கு ஓடியது நேரக் கணக்குத்தான், 12.30-க்கு பஃபே வாசல், 6 மணிக்கு அறை, நடுவில் இடம் மாறினால் அறைக்கு வந்து கண்ணாடியில் ஒரு சீட்டு.

போன தடவை மகளுக்கு 13, மகனுக்கு 9. நாடகம் முடிந்து அறைக்கு வந்தால் இருவரும் இல்லை. கண்ணாடியில் மஞ்சள் சீட்டு: “9.10. டெக் 11. தம்பி அழுதான், அதனால ஐஸ்கிரீம். 9.40-க்கு வந்துடுவோம்.” மணி 9.35. அவர்கள் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவு ஓரமாகவே நின்றார்.