வீட்டுலயே செஞ்ச டூல்ஸ்: வருஷக்கணக்கா யூஸ் பண்ணதுல எது உழைச்சுது, எது தேறல

தண்டையார்பேட்டைல மொட்டை மாடில ஷீட்டு போட்ட ஒரு சின்ன ஷெட்டுதான் நம்ம ஒர்க்‌ஷாப்பு. அலமாரி, ஸ்டூல், பூஜை ஷெல்ஃப் இந்த மாதிரி சொந்தக்காரங்களுக்கு, தெருக்காரங்களுக்கு செஞ்சு குடுக்கறது. ஆரம்பத்துல கையில காசு இல்லாததால பாதி டூல்ஸ் நானே செஞ்சேன், இப்போ ஓரளவு காசு இருக்கு, ஆனாலும் அதுல பாதி இன்னும் கைல ஓடிட்டுதான் இருக்கு. இத்தனை வருஷம் யூஸ் பண்ணதுல எனக்கு தெளிவானது ஒண்ணுதான்: மோட்டார் வச்சு சுத்துற எதையும் வீட்டுல செய்யாதீங்க, அதை காசு குடுத்து வாங்கிடுங்க. பிடிக்கிறது, தள்ளுறது, தாங்குறது, தட்டுறது, கோடு கிழிக்கிறது, இதெல்லாம் தாராளமா நீங்களே செஞ்சுக்கலாம், சில சமயம் கடைல கிடைக்கறத விட நல்லாவே வரும்.

சுத்துறதுன்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது அந்த நாலு இன்ச் கட்டிங் மெஷின கவுத்து பிளைவுட்டுக்கு அடியில ஸ்க்ரூ பண்ணி டேபிள் சா (மேஜைலேந்து பிளேடு மேல நீட்டி நிக்கற ரம்பம்) ஆக்குறதுதான். சென்னைல எந்த இன்டீரியர் சைட்டுக்கு போனாலும் இது இருக்கும், மார்பிள் அறுக்க செஞ்ச மெஷின்ல 110 எம்எம் மர பிளேடு மாட்டி, ட்ரிக்கர லாக் பண்ணிட்டு கால்ல செருப்போட நின்னு ஷீட்டு ஷீட்டா கிழிச்சு தள்ளுவாங்க. நானும் ரொம்ப நாள் இதுலதான் ஓட்டினேன், வேலை நடக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா இப்போ யாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன். பிளேட மூடற கார்டு கிடையாது, அறுத்த வாய் மூடிக்காம பிளேடுக்கு பின்னாடி நிக்கற ஸ்ப்ளிட்டர் கிடையாது, அவசரத்துக்கு ஆஃப் பண்ண சுவிட்சு மேஜைக்கு அடில. அறுத்த வாய் மூடி பிளேட பிடிச்சுதுன்னா பின்பக்க பல்லு கீழேந்து மேல வந்து நம்மள பாத்துதான் சுத்துது, கட்டைய தூக்கி நேரா வயித்துல அடிக்கும். அதே நேரம் கட்டைய தள்ளிட்டிருந்த கை எங்க போகும்னு யோசிச்சு பாருங்க. சின்னதா ஒரு ரெடிமேட் டேபிள் சா வாங்கினப்புறம்தான் நிம்மதியா அறுக்கறேன்.

ஆனா எந்த மெஷினா இருந்தாலும் கை பிளேடு கிட்ட போகாம தள்ளுற கட்டை வேணும், இது கண்டிப்பா வீட்டுலயே செய்ய வேண்டிய ஐட்டம். ஆன்லைன்ல புஷ் பிளாக்குன்னு தேடினா ஆயிரக்கணக்குல சொல்றான், நான் பண்ணது 18 எம்எம் பிளைவுட் வேஸ்ட் பீஸ்ல. குச்சி மாதிரி நீட்டமா செய்றத விட ஒரு அடி நீளத்துக்கு இழைப்புளி (மரம் இழைக்கற கருவி) ஷேப்புல செஞ்சா நல்லா இருக்கும், ஏன்னா குச்சி பின்னாடி மட்டும்தான் தள்ளும், இது முழு நீளத்துக்கு மேலேந்து அமுக்கவும் செய்யும், முன்பக்கம் எகிறாது. பின்னாடி கீழ ஒரு சின்ன பட்டை குதிகால் மாதிரி நிக்கணும், அது நீங்க அறுக்கற கட்டையோட கனத்த விட கம்மியா இருக்கணும், இல்லன்னா மேஜைல இடிச்சு ஆடும். முக்கியமான விஷயம், ஆணியோ ஸ்க்ரூவோ எதுவும் கூடாது, பெவிகால் மட்டும் போட்டு ஒட்டுங்க. பிளேடு இந்த கட்டைய கடிக்கத்தான் போகுது, அப்போ அதுல இரும்பு இருந்தா கார்பைடு பல்லு உடைஞ்சு தெறிக்கும். கைப்பிடி பிளேடு லைனுக்கு மேலயே வராம கொஞ்சம் தள்ளி ஒட்டிக்கோங்க. கடிச்சு கடிச்சு அடிப்பக்கம் சல்லடை ஆனதும் தூக்கி போட்டுட்டு இன்னொண்ணு செஞ்சிடுவேன், அரை மணி நேர வேலை. ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் முதல்ல அதுக்குத்தான் வைக்கறேன், வீட்டுல சிரிக்கறாங்க, சிரிக்கட்டும்.

இன்னும் கவுத்த மெஷின் வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு சொல்லியே ஆகணும். ட்ரிக்கர் லாக்குல இருக்கும்போது கரண்டு போச்சுன்னு வைங்க, நம்ம ஊர்ல எப்போ போகும் எப்போ வரும்னு யாருக்கு தெரியும், மெஷின் நிக்கும், நீங்களும் சரின்னு பிளேடு பக்கத்துல இருக்கற தூள கையால தள்ளுவீங்க, திடீர்னு கரண்டு வந்தா அது பாட்டுக்கு முழு ஸ்பீடுல சுத்த ஆரம்பிச்சிடும். இதுக்கு மருந்து தண்ணி மோட்டாருக்கு போடுற டிஓஎல் ஸ்டார்ட்டர், பச்சை பட்டன் சிவப்பு பட்டன் பாத்திருப்பீங்க. உள்ள காயிலுக்கு கரண்டு நின்னதும் கான்டாக்ட் விட்டுடும், திரும்ப பச்சைய அமுக்கினாதான் ஓடும். வாங்கும்போது சிங்கிள் பேஸ், 240 வோல்ட் காயில்னு கேட்டு வாங்குங்க, கரண்டு அதிகமா இழுத்தா கட் பண்ற ஓவர்லோடு ரிலே உங்க மெஷினோட ஆம்ப்ஸுக்கு ஒத்து வரணும், 1200, 1300 வாட் மெஷின்னா ஒரு அஞ்சு ஆறு ஆம்ப்ஸ் வரும். சிவப்பு பட்டன் முட்டிக்கு எட்டற மாதிரி மேஜைக்கு முன்னாடி வச்சா இன்னும் நல்லது, ரெண்டு கையும் கட்டைல இருக்கும்போது முட்டியால அமுக்கி நிறுத்திடலாம். வயரிங் மட்டும் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன வச்சு பண்ணுங்க.

அப்புறம் கையில கட்டற சாமி கயிறு, லூசான கைலி, துணி கிளவுஸ், இந்த மூணும் மெஷின் பக்கத்துல வேணாம். கயிறு மாட்டினா அறுந்து போகாது, கையத்தான் உள்ள இழுக்கும். எங்க தெரு கார்பெண்டர் அண்ணன் கிட்ட சொன்னேன், "சாமி கோச்சுக்கும் தம்பி"ன்னாரு. "முழங்கைக்கு மேல கட்டிக்கோங்கண்ணே, சாமி ஒண்ணும் சொல்லாது"ன்னேன், இப்போ அப்படித்தான் கட்டிருக்காரு.

கைக்கருவிகளுக்கு வருவோம், இங்கதான் காசு நிஜமாவே மிச்சம். காயலான் கடைல பவர் ஹாக்ஸா (இரும்பு அறுக்கற மெஷின்) பிளேடு உடைஞ்ச துண்டு கிடைக்கும், சும்மா கிலோ ரேட்டுல போடுவாங்க. எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிளேடான்னு பாத்து எடுங்க, அதுல கோடு கிழிக்கிற கத்தி செஞ்சா வருஷக்கணக்கா முனை நிக்கும். சாணை பிடிக்கும்போது சூடாகி நீலம் பாஞ்சாலும் அந்த இரும்போட கடினம் போகாது. பழைய அரத்துல கத்தியோ உளியோ செய்றவங்க உஷாரா இருக்கணும், அது வேற ஸ்டீலு, நீலம் பாஞ்சா அந்த இடம் சாஃப்ட் ஆயிடும், அதனால தண்ணில நனைச்சு நனைச்சுதான் தேய்க்கணும். அரம் அப்படியே இருந்தா கண்ணாடி மாதிரி நொறுங்கற டைப்பு, சுத்தியால அடிச்சா சில்லு கண்ணுக்கு பறக்கும், முதல்ல ஒரு 200 டிகிரி ஓவன்ல ஒண்ணு ரெண்டு மணி நேரம் வச்சு வைக்கோல் கலர் வர்ற அளவுக்கு பதம் இறக்கணும். இத்தனை வேலை எதுக்கு, உளிய நான் மண்ணடில காசு குடுத்தே வாங்கிக்கறேன். அரத்துக்கு கைப்பிடி மட்டும் கண்டிப்பா போடுங்க, நிறைய பேரு கைப்பிடி மாட்டற அந்த கூர் வால வெறுங்கையால பிடிச்சு ராவறாங்க, ஒரு தடவ அரம் மாட்டி நின்னா அந்த வாலு உள்ளங்கைலதான் ஏறும்.

உளிய தட்டற மர சுத்தி, அதாவது கொட்டாப்புளி, புளியமரத்துல செஞ்சது. கறிக்கடைல வெட்டற கட்டைக்கு ஏன் புளியமரம் போடறாங்கன்னு அத ஒரு தடவ அறுத்து பாத்தா தெரியும், அவ்ளோ கெட்டி, சீக்கிரத்துல பிளக்காது. 2016 டிசம்பர்ல வர்தா புயல் வந்தப்ப ஊரே மரமா கிடந்துச்சு, தெரிஞ்சவங்க வீட்டு வேப்பமரக் கிளை ஒண்ணு அப்போ எடுத்து வச்சேன், முனைல பெயிண்ட் அடிச்சு நிழல்ல காய விட்டதால அதிகம் வெடிக்கல, அரத்துக்கு கைப்பிடி எல்லாம் அதுலதான்.

மூலை நேரா 90 டிகிரியான்னு பாக்கற மூலை மட்டம் மட்டும் மரத்துல செய்யாதீங்க. நம்ம ஊர் ஈரக்காத்துக்கு மரம் மழைக்காலத்துல ஒரு மாதிரி வெயில்ல ஒரு மாதிரி நிக்கும். கடைல வாங்கறதையும் அங்கயே டெஸ்ட் பண்ணுங்க: நேரான ஓரத்துல வச்சு ஒரு கோடு, அப்படியே திருப்பி போட்டு அதே புள்ளிலேந்து இன்னொரு கோடு, ரெண்டும் விலகினா அந்த விலகல்ல பாதி மட்டத்தோட கோளாறு. கடைக்காரர் முறைப்பாரு, பரவால்ல.

கிளாம்ப்புக்கு பிளம்பர் விட்டுட்டு போற பிவிசி பைப்பு துண்டு போதும், ஒரு இன்ச் அகலத்துக்கு வளையமா அறுத்து ஒரு பக்கம் பிளந்துட்டா விரிச்சு மாட்டிக்கலாம். ஓரப்பட்டை, சின்ன பெட்டி ஒட்டறதுக்கு சூப்பரா பிடிக்குது. பெரிய பலகை சேத்து ஒட்ட இதோட பிடி பத்தாது, அதுக்கு இரும்பு கிளாம்ப்புதான். வெயில்ல போட்டு வைக்காதீங்க, மொட்டை மாடில ஒரு கோடை கிடந்த வளையம் எல்லாம் விரிக்கும்போதே பட்டு பட்டுன்னு உடையுது, நான் இப்போ ஷெட்டுக்குள்ள ஒரு பக்கெட்ல போட்டு மூடி வச்சிருக்கேன்.