பனிக்கால வறட்சிக்குத் தேங்காய் எண்ணெயா, வாசலினா?

மார்கழி வந்தால் ஊட்டியில் எங்கள் தேங்காய் எண்ணெய் பாட்டில் உறைந்து வெள்ளையாகிவிடும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது கட்டிதான். வெந்நீரில் வைத்து உருக்கி முழங்காலுக்குக் கீழே தேய்த்தால், நகம் பட்டாலே வெள்ளைக்கோடு விழும் தோல் உடனே மிருதுவாகும். ஆனால் மதியத்துக்குள் மறுபடி இழுக்க ஆரம்பித்துவிடும். பரு வரும் முகத்துக்கு இது வேண்டவே வேண்டாம்.

வாசலின் வேலை செய்யும் விதமே வேறு. அது தானாக ஈரம் தராது; தோலில் இருக்கிற ஈரம் ஆவியாகாமல் மூடி போட்டுவிடும். அதனால் காய்ந்த தோலில் அப்பாமல், குளித்துத் துண்டால் ஒற்றியதும் சில நிமிடங்களுக்குள் தடவ வேண்டும். பிசுபிசுப்பு உண்டு, சரி. ஆனாலும் உதட்டுக்கும் வெடித்த குதிகாலுக்கும் என் ஓட்டு இதற்குத்தான். இரவில் குதிகாலில் தடவிப் பருத்தி சாக்ஸ் போட்டுப் படுங்கள், நாலைந்து நாளில் சொரசொரப்பு குறையும்.

எதைத் தடவினாலும் கொதிக்கிற வெந்நீரில் நெடுநேரம் குளிக்காதீர்கள். தோலின் இயற்கை எண்ணெயை அது கழுவிவிடும். அப்புறம், வெடிப்பில் ரத்தம் கசிந்தாலோ சர்க்கரை நோய் இருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.