கொரோனா டைம்ல நாடோடி வாழ்க்கை: தாய்லாந்தா, மெக்சிகோவா, வேனா, சொந்த ஊரா?

2020 மார்ச் 11 அன்னிக்கு உலக சுகாதார நிறுவனம் கொரோனாவ பெருந்தொற்றுன்னு அறிவிச்சப்போ, லேப்டாப்ப வச்சு சம்பாதிச்சுக்கிட்டு ஊர் ஊரா சுத்திட்டிருந்தவங்க முன்னாடி நாலு வழி இருந்துச்சு. இருக்குற நாட்டுலயே உட்கார்ந்துடலாம், கதவு திறந்திருக்குற நாட்டுக்குப் போகலாம், வண்டியவே வீடாக்கிக்கலாம், இல்ல சொந்த ஊருக்குத் திரும்பிடலாம். இத பத்தி பேசுறவங்க பெரும்பாலும் வாடகை எவ்ளோ, வைஃபை எப்படின்னுதான் கம்பேர் பண்றாங்க. எனக்கு அது சரியா படல. அந்த நாடு நம்மள நடுவுல வெளிய போன்னு சொல்லுமா, மூச்சுத் திணறல் வந்தா பெட் கிடைக்குமா, இந்த ரெண்டும் தெரிஞ்சா போதும்.

நான் அப்போ சியாங் மாய்ல இருந்தேன், அதனால தாய்லாந்து பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்லுவேன். மார்ச் மாசம் அங்க காட்டுத்தீ புகை சீசன், மலையே கண்ணுக்குத் தெரியாது, பாதி ஊரு ஏற்கனவே மாஸ்க்லதான் இருந்துச்சு, அதனால மாஸ்க் போடுங்கன்னு யாருக்கும் பாடம் எடுக்க வேண்டிய அவசியமே வரல. மார்ச் 26 அவசரநிலை, ஏப்ரல்ல ராத்திரி பத்துல இருந்து காலைல நாலு வரைக்கும் ஊரடங்கு. எங்களுக்கெல்லாம் பெரிய பயம் விசாதான், முடிஞ்சப்புறம் தங்குனா ஒரு நாளைக்கு 500 பாத் (தாய்லாந்து காசு) அபராதம், ஆனா அரசாங்கம் தானாவே நீட்டிப்பு குடுத்துச்சு, முதல்ல ஏப்ரல் கடைசி வரைக்கும், அப்புறம் ஜூலை 31, அப்புறம் செப்டம்பர் 26, ஆபீஸ் வாசல்ல போயி கூட்டமா நிக்க வேண்டாம்னுதான் அப்படி செஞ்சாங்க. அந்த நீட்டிப்பு வந்த அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்குனேன்.

மே மாசம் தெரு ஓரத்துல சின்னச் சின்ன அலமாரி வைக்க ஆரம்பிச்சாங்க, உள்ள முட்டை, மாமாங்கிற பிராண்ட் நூடுல்ஸ், தண்ணி பாட்டில், அரிசிப் பொட்டலம், வேணும்ங்கிறவங்க எடுத்துக்கலாம், முடிஞ்சவங்க வச்சிட்டுப் போலாம். எங்க தெருமுனைல இருந்த அலமாரில ஒரு அக்கா தினமும் காலைல வாழைப்பழச் சீப்ப வச்சிட்டு, கதவு கைப்பிடிய துணியால துடைச்சிட்டுப் போவாங்க. டூரிஸ்ட் வராததால வேலை போன ஊரு அது, ஆனாலும் இப்படி இருந்துச்சு. 2020 முழுக்க அந்த நாட்டுல கொரோனா சாவு நூறைத் தொடல. 2021 வேற கதை, டெல்டா வந்து கேஸ் எகிறுச்சு, தடுப்பூசிக்கு வெளிநாட்டுக்காரங்க பதிவு பண்றதே பெரும்பாடா இருந்துச்சு, அதையும் சேர்த்துத்தான் மார்க் போடணும். அப்படிப் போட்டாலும் என் கணக்குல இதுதான் முதல் இடம்.

மெக்சிகோ நேர் எதிர். ஏர்போர்ட்ட மூடவே இல்ல, டெஸ்ட் ரிப்போர்ட் கேக்கல, குவாரன்டைன் கிடையாது, டூரிஸ்டுக்கு 180 நாள் வரைக்கும் தங்க அனுமதி, அமெரிக்க விசா செல்லுபடில இருந்தா நம்ம பாஸ்போர்ட்டுக்கும் தனி விசா தேவையில்ல. பேப்பர்ல பாத்தா சொர்க்கம். அதனாலதான் பிளாயா டெல் கார்மென், துலும் மாதிரி பீச் ஊருங்க பக்கமெல்லாம் சுத்துறவங்க குவிஞ்சாங்க. ஆனா 2021 ஜனவரில மெக்சிகோ சிட்டில ஆஸ்பத்திரி பெட் கிட்டத்தட்ட நிரம்பிடுச்சு, ஜனங்க காலி ஆக்சிஜன் சிலிண்டர தூக்கிட்டு வந்து ரீஃபில் கடை வாசல்ல மணிக்கணக்கா கியூல நின்னாங்க. வீட்டுல மூச்சு விட முடியாம படுத்திருக்குற அப்பாவுக்காக ஒருத்தன் கியூல நிக்கிற ஊருக்கு, நான் பீச்சுல வேலை பாக்கணும்னு வைரஸையும் சேத்துச் சுமந்துட்டுப் போறது நியாயமே இல்லன்னு நினைக்கிறேன். நமக்குப் போறதா இருக்கறதாங்கிற சாய்ஸ் இருந்துச்சு, அங்க ஹோட்டல்ல ரூம் கிளீன் பண்றவங்களுக்கு அது இல்ல.

இதுக்கு நடுவுல காசு இருக்குறவங்களுக்குன்னு ஒரு வழி வந்துச்சு. பார்படோஸ்ங்கிற கரீபியன் தீவு நாடு 2020 ஜூலைல, வெளிநாட்டு வேலைய அங்க உட்கார்ந்தே பாக்குறவங்களுக்குன்னு 12 மாச விசா கொண்டு வந்துச்சு, தனி ஆளுக்கு 2,000 டாலர் ஃபீஸ், வருஷ வருமானம் 50,000 டாலர் இருக்கணும். துபாய் அக்டோபர்ல அதே மாதிரி ஒண்ணு, அப்போ ஃபீஸ் கம்மி, 287 டாலர்தான், ஆனா மாசம் 5,000 டாலர் சம்பளம் காட்ட வேண்டியிருந்துச்சு. சட்டப்படி ஒரு வருஷம் நிம்மதி, அது உண்மை, ஆனா ஃப்ரீலான்ஸ் வேலையே பாதியா குறைஞ்ச நேரத்துல இந்த வருமானத்த எத்தனை பேரால காட்ட முடியும். ஜார்ஜியா நாட்டுல விசா இல்லாமலே ஒரு வருஷம் இருக்கலாம்னு பலரும் சொல்லுவாங்க, அது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இல்ல, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கங்க.

வேன் வாழ்க்கைதான் நிறைய பேர் தப்பா கணக்குப் போட்ட இடம். சொந்த அடுப்பு, சொந்த படுக்கை, யாரோடயும் ஒட்டாம இருக்கலாம், தொற்றுக்கு இதவிட சேஃப் எதுன்னு தோணும். ஆனா அமெரிக்காவுல வேன்ல வாழுறவங்க குளிக்கிறது ஜிம்ல, நெட்டுக்கு நூலகம், கழிப்பறைக்கு பார்க், இது மூணும் ஒரே வாரத்துல சாத்துனா வேன் வெறும் தகர டப்பாதான். யூட்டா மாநிலத்துல மோவாப்னு ஒரு சின்ன ஊரு, பாறை வளைவுகள் இருக்குற தேசியப் பூங்கா பக்கத்துல, வேன்காரங்களுக்கு கோயில் மாதிரி. அங்க ஆஸ்பத்திரில 17 பெட், ஐசியு கிடையாது. 2020 மார்ச் நடுவுலயே அந்தப் பகுதி சுகாதாரத் துறை வெளியூர்க்காரங்க யாரும் ரூம் எடுக்கக் கூடாது, கேம்ப் போடக் கூடாதுன்னு ஆர்டர் போட்டுடுச்சு. அவங்க செஞ்சது சரிதான், 17 பெட் ஊர்க்காரங்களுக்கே பத்தாது. உள்ளயே டாய்லெட், பெரிய தண்ணி டேங்க், சோலார், அதோட நிறுத்திக்க தெரிஞ்சவங்க நிலம், இது நாலும் இருந்தா வேன் ரெண்டாவது இடம், ஒண்ணு குறைஞ்சாலும் கடைசி இடம்.

சொந்த ஊருக்குத் திரும்புறது நம்ம ஆளுங்களுக்கு அவ்வளவு லேசா இருக்கல. 2020 மார்ச் 23 ஓட வழக்கமான சர்வதேச ஃப்ளைட் நின்னுச்சு, மே 7 தான் வந்தே பாரத்னு அரசாங்கத்தோட மீட்பு ஃப்ளைட் ஆரம்பிச்சுச்சு, அதுவும் தூதரகத்துல பேரு பதிஞ்சு, டிக்கெட் காச நாமளே கட்டி, இறங்குன உடனே குவாரன்டைன். ரெகுலர் ஃப்ளைட் திரும்ப வந்தது 2022 மார்ச் 27. வருமானமும் நாடோடி வாழ்க்கையும் முக்கியம்னு பாத்தா இது மூணாவது இடத்துக்குத்தான் வரும். எங்க வீட்டுல அண்ணன் குடும்பம் அப்பா அம்மா கூடவே இருந்துச்சு, அதனாலதான் நான் சியாங் மாய்ல தங்க முடிஞ்சுது. 2021 ரெண்டாவது அலைல பெட்டுக்கும் ஆக்சிஜனுக்கும் ஓடுறதுக்கு வீட்டுக்கு ஒரு ஆள் நேர்ல தேவைப்பட்டுச்சு, ஃபோன்ல ஒண்ணும் நடக்கல. வயசான அப்பா அம்மா தனியா இருக்குறவங்க மேல சொன்ன எதையும் கம்பேர் பண்ணவே வேண்டாம், முதல் லிஸ்ட்லயே பேரு குடுத்துட்டுக் கிளம்பிடுறதுதான் சரி.